ஐசக்கின் முன் ஃபோர்க்

"ஏங்க, இங்க வாங்க. இது இன்னா?"

ஜெயபுஷ்பம் விரல் நீட்டிய இடத்தில், போர்டிகோவின் புது வெள்ளை டைல்ஸ் மேல், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. அதற்கு நேர் மேலே ஐசக்கின் பழைய மோட்டார் சைக்கிள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அதன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும் எண்ணெய்க் குளியலுக்குத் தயாரானவன் கால்கள் மாதிரி பளபளத்தன.

"எண்ணெய்," என்றான் ஐசக்.

"அது எனக்குத் தெரியாதா? ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறவ நான். ஈஸ்டர் வரைக்கும் டைம் தர்றேன். அன்னிக்கும் என் டைல்ஸ்ல ஒரு சொட்டு இருந்துச்சு, வண்டி எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்குப் போய்டும். மொபெட் வாங்கிக்கலாம்."

ஐசக்கின் காதில் மொபெட் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவனிடம் இருந்தவற்றில் மீசை போய்விட்டது, கேரம் போர்டு போய்விட்டது, தோஸ்துகள் போய்விட்டார்கள். மிச்சம் இந்த வண்டிதான். அதுவும் போனால் ஐசக் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஜெயபுஷ்பத்தின் வீட்டுக்காரர் மட்டும் இருப்பார்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் குர்ஷித், ஃபோர்க்கைத் துடைத்துப் பார்த்தார்.

"சீல் போய்டுச்சு சார். எண்ணெய உள்ள நிறுத்தற ரப்பர் வளையம். மாத்தினா சரியாப் போய்டும்."

மாற்றினார். மறுநாள் காலை டைல்ஸில் சொட்டு இருந்தது.

"ஓடும்போது ஒழுகல பாய். ராத்திரி சும்மா நிக்கும்போதுதான் ஒழுகுது."

"அப்டித்தான் சார். குளிர்ல ரப்பர் சுருங்கிக்கும்."

மார்ச் மாத ஆம்பூரில் எங்கே குளிர் என்று ஐசக் கேட்கவில்லை. மெக்கானிக்கையும் மாமனாரையும் அவன் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் அவன் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கர். ரப்பர் மேல் அவனுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. தெருமுனை அடிபம்பு தோல் வாஷரில்தான் ஓடுகிறது. தண்ணீரை நிறுத்துகிற தோல் எண்ணெயை நிறுத்தாதா? கட்டிங் செக்‌ஷனில் கெஞ்சி, தடித்த அடித்தோலில் இரண்டு வளையம் வெட்டிக்கொண்டு வந்தான்.

"தோலா சார்?" என்றார் குர்ஷித்.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி பாய். ஜெர்மனிக்குப் போற தோல்."

"வண்டி ஜெர்மனிக்குப் போவாதே சார்."

தோல் இரண்டே நாளில் எண்ணெயைக் குடித்து உப்பியது. ஃபோர்க் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒவ்வொரு வேகத்தடையும் நேராக ஐசக்கின் தாடையில் ஏறியது. டிபன் கேரியரில் சாம்பாரும் தயிர்சாதமும் ஒரே டப்பாவுக்குக் குடிவந்தன. ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போன ஜெயபுஷ்பம், இறங்கி நின்று பிரசங்கத்தைவிட நீளமாகப் பேசினாள்.

மறுநாள் காலையும் டைல்ஸில் எண்ணெய். கூடவே இரண்டு பூனைகள் ஃபோர்க்கை நக்கிக்கொண்டிருந்தன.

"பூனை நக்குது பாய்."

"நல்ல ஆயில் சார். பாரின் ஆயில் ஊத்தியிருக்கேன்ல?" என்றார் குர்ஷித் பெருமையாக. "பேசாம ஃபோர்க்கையே மாத்திடலாம். ராணிப்பேட்டைல புது மாடல் வண்டி ஒண்ணு பிரிச்சுப் போட்டிருக்கான். தடி ஃபோர்க்கு, டிஸ்க் பிரேக்கோட வரும். உங்க வண்டி சும்மா ராஜா மாதிரி நிக்கும்."

அந்த ஃபோர்க்கை மாட்ட குர்ஷித் ஐசக்கின் வீட்டுக்கே வந்தார். அது இந்த வண்டியில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை. அதனால் சுத்தியல் எடுத்தார்கள்.

"மெதுவா தட்டுங்க!" ஜெயபுஷ்பம் ஜன்னலிலிருந்து அதட்டினாள். "எதிர்வீட்டு ஷபீ பாய் நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் படுத்தாரு. பாவம், தோல் கம்பெனில ராத்திரி பூரா தோல உருட்டற டிரம்மு கூட நின்னுட்டு வர்றாரு."

குர்ஷித் சொன்னபடி வண்டி ராஜா மாதிரிதான் நின்றது, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு. ஹெட்லைட் ரோட்டைப் பார்க்கவில்லை, தென்னை மரங்களைப் பார்த்தது. பாகாயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய ஜெயபுஷ்பம் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே போனாள். பின்னால் கம்பி மட்டும் இல்லையென்றால் பள்ளிகொண்டாவிலேயே இறங்கியிருப்பாள்.

மறுநாள் காலை, எண்ணெய்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஐசக் கடைசி முடிவுக்கு வந்தான்.

"உள்ள இருக்கற எண்ணெய மொத்தமா எடுத்துடுங்க பாய்."

"எண்ணெய் இல்லாம ஓட்டினா கட்டவண்டி மாதிரி குதிக்கும் சார்."

"குதிக்கட்டும். எண்ணெய் இல்லன்னா எது ஒழுகும்?"

குர்ஷித் இரண்டு குழாய்களையும் கழற்றி, கவிழ்த்து, துணி விட்டுத் துடைத்து மாட்டினார். "இனிமே பிழிஞ்சாலும் வராது," என்றார். ஐசக் பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

ஈஸ்டர் காலை டைல்ஸில் வழக்கத்தைவிட ஜாஸ்தி எண்ணெய்.

ஆள் அனுப்பியதும் வந்த குர்ஷித், வண்டியைத் தொடவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"எண்ணெயே இல்லாத ஃபோர்க்கு ஒழுகுது. இது ஸ்பேனர் வேல இல்ல சார். நீங்க உங்க பாஸ்டர கூப்டுங்க. நான் எங்க பள்ளிவாசல் ஹஸ்ரத்த கேட்டுப் பாக்கறேன்."

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்தார். வண்டியின் முன் நின்று கண்ணை மூடி ஜெபித்தார். போகும்போது ஜெயபுஷ்பத்திடம் தனியாக, "எக்ஸ்சேஞ்ச் மேளா என்னிக்கு வரைக்கும் இருக்கு?" என்று கேட்டார்.

அந்த வாரமே வண்டி போனது. மேளாக்காரன் பழைய வண்டிக்குச் சொன்ன விலையைக் கேட்டு ஐசக் வாயைத் திறந்தான், ஜெயபுஷ்பம் பார்த்தாள், மூடிக்கொண்டான். நீல நிற மொபெட் வந்தது. முன்னால் காய்கறிக் கூடை வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் விடியும்போதே எழுந்து ஐசக் போர்டிகோவில் வந்து உட்கார்ந்தான். டைல்ஸ் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த எதிர்வீட்டு ஷபீ அஹமது, தன் வீட்டுக்குப் போகாமல் இந்தப் பக்கம் திரும்பினார். ஐசக்கைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"இன்னா சார், சீக்கிரம் எழுந்துட்டீங்க? வண்டிய காணோம்?"

"குடுத்துட்டேன் பாய். இனிமே இதான்."

"அடடா. நல்ல வண்டியாச்சே."

ஷபீ அஹமது மொபெட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து முன் சக்கரத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார்.

"நீங்க காலைல எடுக்கும்போது அந்த வண்டி கீச்சு கீச்சுனு கத்தி என் தூக்கத்த கெடுக்குதேன்னு, தெனம் வேல விட்டு வரும்போது கம்பெனில தோலுக்கு விடற மீன் எண்ணெய முன் ஃபோர்க்குல நானே ஊத்தினு இருந்தேன் சார், இதுக்கு எங்க ஊத்தணும்?"