சாவிக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு

அன்பு மைத்துனருக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், சந்தோஷத்தில் கை நிற்கவில்லை.

என் மகளும் மருமகனும் நமது வட்டாரச் செய்தித் தளத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். நாளை திறப்பு. ஆசிரியர் நான்தான். தளத்தில் ஒரு ரகசியப் பெட்டி உண்டு. தன் அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டை யாரும் அதில் எழுதிப் போடலாம், நான் மட்டுமே படிப்பேன். எழுதியவர் பெயர் கசிந்தால் அவர் வேலை போய்விடும். இன்று சோதித்தபோது அந்தப் பெட்டி திறக்கவில்லை. அதன் சாவி, அதாவது ஒரு நீளமான ரகசிய எழுத்துக் கோவை, அமைப்புக் கோப்பில் இருக்கிறது, வாசகர் திறக்கும் பக்கத்துக்கு அது எட்டவில்லை. மருமகன் அவசரத்தில் சாவியின் பெயருக்கு முன்னால் ‘பப்ளிக்’ என்று சேர்த்தார், பெட்டி பட்டென்று திறந்தது, அவர் கைதட்டினார், நானும் தட்டினேன், உங்கள் அக்காகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதற்கென்று தெரியாமலே தட்டினாள், தட்டி முடிப்பதற்குள் சாவி இருந்த அந்த வரிக்கடியில் சிவப்புக் கோடு விழுந்தது, தளத்தை ஏற்ற முடியாது என்று கணினி மறுத்துவிட்டது.

“என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?” என்று மகள் ஓடிவந்தாள்.

“வேலை செய்யுதுல்ல?” என்றார் மருமகன்.

“நல்லாச் செய்யும். ‘பப்ளிக்’னு ஆரம்பிச்சா, பக்கத்தைத் திறக்குற அத்தனை பேர் கைக்கும் அது போயிடும். எழுதினவன் கதி என்ன ஆகும்?”

“இந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் வாயடைக்க முடியாதா?”

“முதல்ல உங்க வாயை அடைங்க.”

கோடு போட்டது லிண்ட்டர் என்கிற கருவி, மச்சான். நிரலை ஓட்டாமலே வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும். வெளியே போக மகள் அனுமதித்தவை தளத்தின் தலைப்பும் வரைபட முகவரியும்தான்; வேறு எது ‘பப்ளிக்’ என்று தொடங்கினாலும் மறித்துவிடும். இப்படியொரு பிழைதிருத்துநர் எனக்கு வாய்த்ததே இல்லை! தேநீர் குடிக்கப் போவதில்லை, ஆசிரியரின் மருமகன் என்று முகம் பார்ப்பதில்லை, ‘பரவாயில்லை சார், யார் கவனிக்கப்போறா’ என்பதில்லை. மகள் பெட்டியைத் திறக்கும் வேலையை சர்வருக்கே மாற்றிவிட்டாள். இனி சாவி அங்கேயே இருக்கும். நம் தளத்திலிருந்து ஓர் எழுத்துகூடக் கசியாது என்று உங்கள் நண்பர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

குழந்தைகள் நன்றாகப் படிக்க என் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புள்ள,
அத்தான்

பி.கு.: அந்தக் கோட்டை எல்லோரும் பார்க்கட்டும் என்று திரையைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன். பெரிதாக்கினால் சாவி எழுத்தெழுத்தாகத் தெரிகிறதாம். உடனே அழித்துவிடுங்கள். என் சகலை அதற்குள் ‘சூப்பர்’ என்று எழுதித் தன் அலுவலகக் குழுவுக்கும் தள்ளிவிட்டார். புதுச் சாவி வரும்வரை திறப்பு இல்லை. “நிரலுக்குக் கோடு போட்டுட்டேன். உங்களுக்கு எங்க போடுறது, அப்பா?” என்கிறாள் மகள்.