கீழே வளைகாப்பு, மேலே ரத்தப்போக்கு

டாக்டர்கள் படித்து முடித்தவர்கள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டும். உண்மையில் நாங்கள் சாகிற வரைக்கும் படிக்க வேண்டும் என்று விதி. அதற்குத் தொடர் மருத்துவக் கல்வி என்று கம்பீரமான பெயர்; எங்கள் வாயில் சி.எம்.ஈ. ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் கூடுவோம். கையெழுத்துப் போட்டு, கொடுக்கிற பையை வாங்கிக்கொண்டு, முதல் உரையில் தூங்கி, இரண்டாவது உரையில் சாப்பாட்டு வாசனை வருகிறதா என்று கவனித்து, சாயங்காலம் சான்றிதழோடு அறிவாளிகளாக வீடு திரும்புவோம். மகப்பேறு மருத்துவர்களுக்குக் கூடுதலாக ஒரு சலுகை உண்டு. உரை போரடித்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு "லேபர் ரூம்ல கூப்பிடறாங்க" என்று எழுந்து போய்விடலாம். அந்த போன் அடித்ததா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட ஒரு சி.எம்.ஈ.க்கு நான் ஒருமுறை உண்மையாகவே உழைத்துவிட்டுப் போனேன். வாழ்க்கையில் செய்யக்கூடாதது அது.

காரணம் புவனேஸ்வரி மேடம். மேற்படிப்பில் எனக்குப் பேராசிரியை. ஒருநாள் அறுவை அரங்கில், நான் தையல் போடுவதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "மலர், உன் வாய் எம்.டி. முடிச்சிடுச்சு. கை இன்னும் பிளஸ் டூவே தாண்டலை" என்றார். கூட இருந்தவர்கள் மாஸ்க்குக்குள் சிரித்தார்கள். (மாஸ்க் போட்டால் சிரிப்பு தெரியாது என்று நினைக்கிறார்கள். கண் காட்டிக் கொடுத்துவிடும்.) அன்றிலிருந்து எனக்கு ஒரே லட்சியம். அந்த வாயிலிருந்து ஒரு 'குட்' வாங்க வேண்டும்.

திண்டிவனத்தில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் ஆரம்பித்து, மூச்சு விட நேரம் கிடைத்தபோது செய்தி வந்தது. விழுப்புரத்தில் சி.எம்.ஈ. சிறப்பு விருந்தினர் புவனேஸ்வரி மேடம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதை நாடகம் மாதிரி நடித்துக் காட்ட வேண்டும். யார் வயிற்றைத் தேய்ப்பது, யார் ஊசி போடுவது, யார் ரத்த வங்கிக்கு போன் பண்ணுவது என்று எல்லாம் ஒத்திகை. நன்றாக நடத்துகிறவரை மேடமே எங்கள் மாவட்டத்துக்குப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுப்பார். நான் அன்றைக்கே கணவரிடம் கிட்டத்தட்ட தேர்வாகிவிட்டதாகச் சொல்லிவிட்டேன்.

இந்த ஒத்திகைக்கு ரத்தம் வேண்டும். எல்லோரும் வழக்கமாக ரோஸ் சர்பத்தைக் கரைத்துக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்தால் பதற்றம் வராது, தாகம்தான் வரும். எனக்கோ ஒரு அபாரமான யோசனை தோன்றியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர்! அசல் ரத்தச் சிவப்பு. காலணா செலவில்லை. இந்தியாவில் இத்தனை மருத்துவர்கள் இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன்.

கரைத்துக் கொடுக்க வேண்டியவர் என் மாமியார். ஆரத்தி கரைப்பதில் எங்கள் தெருவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நல்லதுக்குக் கரைக்கிறத எடுத்துக்கினு போயி ரத்தம்னு சொல்லுவியா? டாக்டருக்குப் படிச்சா இதெல்லாம் கிடையாதா?"

அறிவியலை விளக்கினேன். அறிவியல் அவருக்குப் பிடிக்கவில்லை. மருமகள் மேடை ஏறுவது பிடித்திருந்தது. வெளியிலிருந்து நிறம் தெரியாத இரண்டு கேன் நிறையக் கரைத்துக் கொடுத்தார். ஒரு குளுக்கோஸ் பாட்டிலையும் நான் அதிலேயே நிரப்பிக்கொண்டேன். எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. நான் சேலை மாற்றப் போன நேரத்தில் அவர் மனசு கேட்காமல், நல்ல தண்ணீரைக் கெட்ட பெயரில் அழைக்கிற தோஷம் போக வேண்டும் என்று, ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பாதியையும் பிழிந்து ஒரு கேனுக்குள் போட்டு மூடிவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு பழம் போதும் என்பது அவர் கணக்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், அதில் புளிப்பு விழுந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் நான் நூற்றுக்கு நூறு வாங்கிய பாடம்.

விழுப்புரத்தில் வழக்கமான ஓட்டல் அரங்கு அன்றைக்கு வேறு யாருக்கோ போய்விட்டதால், எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி கிடைத்திருந்தது. கீழே ஒரு வளைகாப்பு. வாசலில் ஆளுயர பேனரில் மாலையும் கழுத்துமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. யோசிக்க நேரமில்லை, 'இந்த வாய்ப்பை அளித்த' என்று தொடங்கும் ஏற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

என் கணவர் திண்டிவனத்தில் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருப்பவர். அன்றைக்கு என் டிரைவர், சுமைதூக்கி. ஒரு கையில் லேப்டாப் பை, மறு கையில் ஒரு கேன். இரண்டாவது கேனைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, வேண்டும்போது கொண்டுவருகிறேன் என்றார். மேலே வந்தது எலுமிச்சம்பழக் கேன்.

நோயாளியாக நடிக்க எங்கள் நர்ஸ் நஸ்ரினைக் கூட்டிவந்திருந்தேன். கோட்டக்குப்பத்துப் பெண், வேலையில் சூரப்புலி. மேஜையில் படுக்கவைத்து, தடுப்புத் துணிக்குப் பின்னால் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதன் குழாயை அவள் காலோடு சேர்த்து பிளாஸ்டர் போட்டு ஒட்டி, சேலையால் மறைத்தேன். மயங்கினால் போதும், சத்தம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மேடை ஏறியதும் அவளுக்குக் கலை பொங்கிவிட்டது. அவள் போட்ட அலறலில் முதல் உரையிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த மூத்த மருத்துவர் ஒருவர், நிஜமாகவே போனை எடுத்துக்கொண்டு லேபர் ரூமுக்குக் கிளம்பப் பார்த்தார்.

ரத்தம் பெருகியது. நான் உத்தரவுகள் போட்டேன், வயிற்றைத் தேய்த்தேன், கையுறையெல்லாம் சிவப்பு. முன்வரிசையில் மேடத்தின் புருவம் உயர்ந்தது. தலை லேசாக அசைந்தது. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று குழாயின் திருகை முழுசாகத் திறந்துவிட்டேன். பாட்டில் காலி. மேடத்தைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, கேனைத் திறந்து பாட்டிலை நிரப்பினேன். கையைப் பார்த்து நிரப்பியிருக்கலாம்.

நஸ்ரினின் காலடியிலிருந்து பளிச்சென்று மஞ்சளாக ஒரு ஓடை புறப்பட்டது. அதில் ஒரு எலுமிச்சை விதையும் மிதந்து வந்தது.

பின்வரிசையில் யாரோ "ஜாண்டிஸ் கேஸா?" என்றார்கள். மேடம் மெதுவாக மைக்கை எடுத்தார்.

"மலர், பேஷன்ட்டுக்கு இப்ப என்ன வருது?"

வயிற்று வலி என்று சொல்லிப் படுத்திருக்கலாம். அல்லது எங்கள் பரம்பரை உரிமைப்படி போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். நானோ, "ஒரு நிமிஷம் மேடம், நல்ல ரத்தம் கீழே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கையுறையும் சிவப்பு தெறித்த வெள்ளைக் கோட்டுமாகப் படிக்கட்டில் ஓடினேன்.

கீழே நடந்திருந்தது இது. வளைகாப்பு வீட்டார் கரைத்து வைத்திருந்த ஆரத்தியை ஒரு குழந்தை எட்டி உதைத்துவிட்டது. சுண்ணாம்புக்கு யாரோ கடைக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பெண்ணின் பெரியம்மா, அனந்தபுரத்துக்காரர், படிக்கட்டோரம் கேனைப் பார்த்து மோந்து பார்த்திருக்கிறார். பக்கத்தில் நின்ற என் கணவரிடம், தம்பி இது ஆரத்தியா என்று கேட்டிருக்கிறார். இவர் பெருமையாக, எங்க அம்மா கரைத்தது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்கு நன்றியாக அவருக்கு முதல் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். நான் ஓடிவந்தபோது கலவை சாதத்தில் மூன்றாவது வகைக்கு வந்திருந்தார்.

கை நிறைய வளையலோடு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா எங்கள் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்தால் வாசலில் கொட்டிவிடுவார்கள். என் 'குட்' தெருவில் ஓடிவிடும். மீதி கேனிலேயே இருக்கும் என்பதுகூட மூளையில் உறைக்கவில்லை.

"அய்யோ, கொட்டிடாதீங்க" என்று கத்தினேன். "அது ரத்தம்ங்க."

நாதஸ்வரம் நின்றது. பெரியம்மா கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் நாற்காலியில் இருந்த பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். அவள் சத்யா. காணையில் வாழ்க்கைப்பட்டவள்; தாய்வீடு திண்டிவனம் என்பதால் மாதா மாதம் என்னிடம்தான் பரிசோதனைக்கு வருவாள். போன வாரம் பத்திரிகை வைத்து அழைத்தவளிடம், முக்கியமான சி.எம்.ஈ. இருக்கிறது, வர முடியாது என்று சொல்லியிருந்தேன். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரையாவது படித்திருக்கலாம்.

"நம்ம டாக்டரம்மா" என்று சொன்னாள் சத்யா. அப்படியே கண் செருகி ஒரு பக்கமாகச் சரிந்தாள்.

அடுத்த நிமிடம் மாடியிலிருந்து மாவட்டத்தின் மொத்த மகப்பேறு மருத்துவமும் இறங்கி ஓடிவந்தது. ஒரு கர்ப்பிணிக்கு இத்தனை நிபுணர்கள் கிடைத்தது எங்கள் பக்கத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். படுக்க வை என்றார் ஒருவர், காலைத் தூக்கு என்றார் இன்னொருவர், தூக்காதே என்றார் மூன்றாமவர். பி.பி. பார்க்கலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தபோதுதான், அத்தனை பேரில் ஒருவரிடமும் பி.பி. கருவி இல்லை, ஒரு ஸ்டெதாஸ்கோப்கூட இல்லை என்று தெரிந்தது. எல்லோரிடமும் பை மட்டும் இருந்தது. கட்டடத்தில் இருந்த ஒரே மருத்துவ உபகரணம் மாடியில் நஸ்ரினின் காலில் ஒட்டியிருந்த குழாய்தான்.

புவனேஸ்வரி மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். சத்யாவை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து நாடி பார்த்தார். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சடங்கு முடியட்டும் என்று ஒன்றும் கொடுக்கவில்லையாம். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனதும் சத்யா கண் திறந்து, எலுமிச்சம்பழச் சாதம் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

பெரியம்மா மட்டும் என்னை விடவில்லை. "ஏம்மா, வயித்துப்புள்ளக்காரி எதிர்ல ரத்தம்னு கத்திக்கினு வர்றியே, நீயெல்லாம் பிரசவம் பாக்குற டாக்டரா? நல்ல நாளும் அதுவுமா பேஜாரு பண்ணிட்டியே."

மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "டிரில்ல எல்லாரும் பேஷன்ட்டைக் காப்பாத்துவாங்க, மலர். நீ ஒருத்திதான் நல்லா இருந்தவளைப் பேஷன்ட் ஆக்கியிருக்கே" என்றார். அவமானத்தில் காது சுட்டது. திரும்பி வருகிற வழியெல்லாம் காரில் அழுதேன். பந்தி நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்த கணவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் திண்டிவனம் வரைக்கும் ஒத்திவைத்தார்.

பயிற்சியாளர் பதவி ரோஸ் சர்பத்துக் கோஷ்டிக்குப் போனது. அப்போதிலிருந்து மேடம் எந்த ஊரில் ஒத்திகை நடத்தினாலும் முதல் விதி, போலி ரத்தத்தின் மேல் 'இது ரத்தம் அல்ல' என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பது. அதற்குத் திண்டிவனம் விதி என்று பெயர். மருத்துவத்துக்கு என் பங்களிப்பு.

மாதம் நிறைந்ததும் சத்யா என்னிடமேதான் வந்தாள். என் மேல் நம்பிக்கை என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, அது பெரியம்மாவின் முடிவு. "அன்னிக்கி இவங்க ஒரு சத்தம் போட்டதுக்கு அத்தினி டாக்டருங்க ஓடியாந்தாங்களே, வேற எங்க போனா அது நடக்கும்" என்றாராம்.

பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு கர்ப்பப்பை சுருங்க மறுத்தது, ரத்தம் நிற்கவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை வேலையை ஆரம்பித்துவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே நஸ்ரின் ஊசியோடு நின்றாள். அன்று மேடையில் அலறியவள் இன்று ஒரு சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியது, ரத்தம் நின்றது. வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

துணிச்சலை வரவழைத்துக்கொண்டு மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். அந்த வளைகாப்புப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகிவிட்டது, ரத்தப்போக்கு இருந்தது, நிறுத்திவிட்டோம், இருவரும் நலம் என்று. உடனே பதில் வந்தது.

"என்ன கலர்?"

"சிவப்பு மேடம்."

இன்னொன்று வந்தது. "குட்."

அந்த 'குட்'டை இப்போதும் போனில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டில் அதைக் காட்டினால் யாரும் பார்ப்பதில்லை. அவர்களுக்குச் சிரிக்கத் தேவையானது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாளிலிருந்து யாரும் ஆரத்தி என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. போன தை மாதம் என் நாத்தனார் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கி, புதுப் பட்டுச்சேலை சரசரக்க வாசலுக்கு வந்து நின்றார்கள். மாமியார் கை கூப்பி வாங்க வாங்க என்று வரவேற்றுவிட்டு, உள்ளே திரும்பி, சமையலறைக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"ரத்தம் கரைச்சாச்சா? ஜல்தியா எடுத்துக்கினு வாங்க, சம்பந்தி நின்னுக்கினு இருக்காங்க."

அதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் அம்மா திரும்ப ஏறிக்கொண்ட வேனிலிருந்து அவரை மறுபடி இறக்க என் கணவர்தான் போக வேண்டியிருந்தது.