கற்பூரம் காட்டிக் கழட்டின போல்ட்

பௌர்ணமிப் போயா லீவண்டு எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. காருக்கு ஓல்டனேட்டர் மாத்திறது.

பற்றறிக்குச் சார்ஜ் குடுக்கிற சாமான் அது. முதல் நாள் செத்துப்போச்சு. பின்னேரம் மூண்டு மணிக்குக் கட்டுநாயக்கா எயார்போர்ட்டில மாமி, என்ர மனுசி சுமதியின்ர அம்மா, வந்து இறங்குறா, கனடாவில இருந்து. போனமுறை வரேக்க என்ர கார் வத்தளையில பழுதாகி நிண்டு, மாமி மூண்டு சூட்கேசோட ஆட்டோவில வெள்ளவத்தை வந்து சேர்ந்தவ. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷமா நான் போனை எடுத்தால், "சுமதி நிக்கிறாளே?" எண்ட கேள்வியோட சரி.

இந்தமுறை வீரமாச் சொல்லிப்போட்டன், "மாமி, கார் இப்ப நல்ல கொண்டிஷன். நானே வாறன்" எண்டு.

போயாவுக்குக் கராஜ் எல்லாம் பூட்டு. ஆனா போனில ஒரு வீடியோ இருந்தது. அதில ஒருத்தன் பத்து நிமிஷத்தில மாத்தினவன். அதை நம்பி, முதல் நாளே பஞ்சிகாவத்தைக் கார்ச்சாமான் கடையில வாங்கின ஓல்டனேட்டரோட வாசலுக்கு வந்தன்.

மேல் போல்ட் சுகமா வந்திட்டுது. கீழ் போல்ட் துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. ஸ்பனர் போட்டு இழுத்தன், கார்தான் ஆடிச்சு. துரு இளக்கிற எண்ணெய் அரை டின் அடிச்சன். ஸ்பனரில தண்ணிப் பைப் துண்டைக் கொளுவித் தொங்கினன். பைப் வளைஞ்சுது. என்ர இடுப்பும் வளைஞ்சுது.

மனுசி சுமதி பல்கனியில நிண்டு, "என்னப்பா, வாடகைக்கு ஒரு வான் பிடிப்பமே?" எண்டா.

"நீர் சும்மா இரும்," எண்டு பாய்ஞ்சன்.

அப்பதான் சந்தியில ஆட்டோ ஓடுற சுனில் வந்தார். புத்த கோயிலுக்கு, பன்சலைக்குப் போக வெள்ளை உடுப்போட வெளிக்கிட்டவர். கிரீஸ் படாத தூரத்தில நிண்டு எட்டிப் பாத்திட்டு, "மஹத்தயா, ரத் கரன்ன ஓனே," எண்டார். போல்ட்டைச் சூடாக்க வேணுமெண்டு சிங்களத்தில சொல்றார்.

வெல்டிங் கடையும் பூட்டு. எனக்கு ஞானம் பிறந்தது அந்த இடத்திலதான். சாமியறைக்கு ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்தன். ஒரு கரண்டியில நாலு கட்டி வைச்சுக் கொளுத்தி, பொனற்றுக்குள்ள போல்ட்டுக்கு நேர பிடிச்சன்.

மேல் வீட்டுப் பரமேஸ் அன்ரி அர்ச்சனைத் தட்டோட கோயிலுக்குப் போறதுக்கு அந்த நேரம் இறங்கி வந்தா. பாத்தா. செருப்பைக் கழட்டினா.

"கார்ப் பூசையே தம்பி? ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"இல்லை அன்ரி, இது போல்ட்டுக்கு..."

"கற்பூரம் எரியேக்க கதைக்கக் கூடாது."

தட்டில இருந்த மாலை பொனற்றுக்கு ஏறிச்சு. கண்ணாடியில சந்தனம். சில்லுக்குக் கீழ தேசிக்காய். சுனிலும் செருப்பைக் கழட்டிப்போட்டுக் கைகூப்பினார். நான் கை வலிக்க வலிக்கக் கரண்டி பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அரை டின் எண்ணெய் அடிச்சதை நான் மறந்துபோனன். நெருப்பு மறக்கேல்ல. குப்பெண்டு பத்திச்சு. நான் கரண்டியோட பின்னால போய் விழுந்தன்.

அன்ரி அசையேல்ல. மதில் ஓரத்தில தேங்காயை அடிச்சு, அந்தத் தண்ணியை அப்பிடியே நெருப்பில ஊத்தினா. நெருப்பு அணைஞ்சுது. உள்ளுக்க 'டக்' எண்டு ஒரு சத்தம்.

ஸ்பனரைப் போட்டன். போல்ட் பேனா மூடி மாதிரிச் சுழண்டு வந்துது. சூடேறின இரும்பில குளிர்ந்த தண்ணி பட்டால் துருவின்ர பிடி விடுமெண்டு பிறகுதான் படிச்சன்.

"பாத்தீங்களே, பிள்ளையார் ஏற்றுக்கொண்டிட்டார்," எண்டா அன்ரி. "மாலையை இண்டைக்குக் கழட்டக் கூடாது."

புது ஓல்டனேட்டரைப் பூட்டி முடியப் பகல் ஒரு மணியாச்சு. மாலையும் சந்தனமுமா எயார்போர்ட்டுக்கு ஓடினன். கார் வழியில எங்கயும் நிக்கேல்ல.

மாமி வந்தா. காரை ஒருக்காச் சுத்திப் பாத்தா. மாலையைப் பாத்தா. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு என்னோட நேர கதைச்சா.

"தம்பி, காசு குடுத்துப் புதுசா இதையே வாங்கினீங்கள்? முந்தி வைச்சிருந்த கார் இதைவிட எவ்வளவோ திறமாயிருந்ததே."

அதே கார்தான் இது எண்டதை விட்டிட்டு, சூட்கேசுகளைத் தூக்கி ஏத்தினன். என்ர காரை மாமி புகழ்ந்தது அதுதான் முதல்தரம்.