பிளக் தின்னும் வண்டி

"என்னங்க, உங்க போனுக்கு ஏதோ வந்திருக்கு. படிக்கட்டுமா?" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள் மனைவி.

வீங்கிய வலது முட்டியை ஸ்டூல் மேல் தூக்கிப் போட்டுச் சாய்ந்திருந்தவர், "வேண்டாம்" என்று சொல்வதற்குள் அவள் படிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"'நான்கு நாட்களாக நீங்கள் என்னைத் தொடவே இல்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.' பக்கத்துல ஒரு சிவப்பு இதயம் வேற துடிக்குது."

அவர் முட்டி வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருங்க இது?"

"மெழுகுக் கம்பெனி" என்றார். வாய்க்கு வந்தது அதுதான். "பல் செட்டுக்கு மெழுகு வாங்கறோம்ல, அவங்க. நாலு நாளா ஆர்டர் போடலையாம்."

"நீங்க தொடலைன்னு மெழுகுக்கு அவ்வளவு ஏக்கமா?"

"இப்பல்லாம் விளம்பரம் இப்படித்தான் பண்றாங்க. காலம் கெட்டுப்போச்சு" என்று போனை வெடுக்கென்று பிடுங்கித் தலையணைக்கு அடியில் சொருகிக்கொண்டார். அவள் தையலைத் தொடர்ந்தாள். ஆனால் அன்று தைத்த சட்டைக்கு ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் வந்தது.

ஆளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்யும் லேபில் அவருக்கு வேலை. பெற்றோர் வைத்த பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை. 'ஒத்தை உதையார்' என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக ஒரே பழைய மோட்டார் சைக்கிள், ஒரே ஒரு உதையில் ஸ்டார்ட் ஆகும். உதைத்துவிட்டு மீசையின் இரண்டு முனையையும் ஒரு முறுக்கு முறுக்குவார் பாருங்கள், வண்டி அதற்குப் பிறகுதான் கிளம்பும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. லேபில் மெழுகு வேலை பார்ப்பவர் புது வண்டி வாங்கினார். ஒருநாள் அதன் திரை உறைந்துபோய், 'புதுப்பிக்கப்படுகிறது' என்று காட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றது. ஒத்தை உதையார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது என்ன, வண்டியா டிவியா? என் வண்டியில ஒரு கோளாறுன்னா ஒரே ஒரு ஸ்பேனர் போதும். பிளக்கைக் கழட்டி மாட்ட எங்க வீட்டம்மாவுக்கே சொல்லிக் குடுத்திருக்கேன், ரெண்டே நிமிஷத்துல மாட்டிடுவா! எழுதி வெச்சுக்கங்க, திரை வெச்ச வண்டி ஒண்ணு நான் வாங்கினா, அன்னைக்கே இந்த மீசையை எடுத்துடறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்ட காது சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து மனைவியிடமும் அதையே சொல்லி, மீசையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

வினை அதற்கடுத்த மாதமே ஆரம்பித்தது. வண்டி ஒரு உதையில் கிளம்பவில்லை. பத்தாவது உதைக்கும் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஆனால் பொறி வராது. புது பிளக் போட்டால் ஒரே உதையில் சீறும். ஒரு வாரம் ஓடும். ஒரு காலையில் மறுபடி செத்துக் கிடக்கும்.

தெருமுனை மெக்கானிக் இன்ஜினில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தான். "வயசாயிடுச்சு சார். பிளக்கைத் தின்னுது."

"அதெப்படிப்பா தின்னும்?"

"சில வண்டி அப்படித்தான் சார்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்.

உதைத்து உதைத்து முட்டி போய்விட்டது. டாக்டர், "இன்னும் ஆறு மாசம் இப்படி உதைச்சீங்கன்னா கம்பு ஊனித்தான் நடக்கணும்" என்று கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று பார்க்கும் மனைவி, "கண்கொண்டு பார்க்க முடியலைங்க. புதுசா ஒண்ணு..." என்று இழுப்பாள்.

"மீசை இருக்கற வரைக்கும் நடக்காது!"

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தார். வாங்க இல்லை, குறை கண்டுபிடிக்க. ஒரு வண்டியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். அங்கிருந்த பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். இன்ஜின் சத்தமில்லாமல் எழுந்தது. குளிர்காலத்தில் சில்லென்று இருந்த சீட் அடியிலிருந்து இதமாகச் சூடானது. கைப்பிடியும் சூடானது. அந்தச் சுகத்தில் ஒத்தை உதையாரின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இறங்க மனசு வரவில்லை. வாங்கிவிட்டார்.

வாங்கியதை எங்கே வைப்பது? வீட்டிலும் முடியாது, லேபிலும் முடியாது. மானம் மீசையில் அல்லவா தொங்குகிறது! இரண்டு தெரு தள்ளியிருந்த சலவைக் கடைக்காரரைக் கெஞ்சி, கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒளித்து வைத்தார். தினம் காலையில் மனைவி பார்க்கப் பழைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார், கிளம்பாவிட்டால் "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று தள்ளிக்கொண்டு போவார். கொட்டகையில் அதைப் போட்டுவிட்டுப் புதியதில் ஏறி, லேபுக்கு ஒரு தெரு முன்னாலேயே அதை நிறுத்திவிட்டு நடப்பார். சாயந்தரம், பழையது செத்திருந்தால் அதற்கு ஒரு புது பிளக்கைப் போட்டு, அவள் காதில் விழும்படி டப்டப்பென்று வந்து இறங்குவார். புதன்கிழமை காலை வாசலில் பதினேழு உதை. அன்று லேபிலிருந்து திரும்பியதும் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கி, நாலு நாளாகப் படுக்கை.

அந்த நாலு நாளில்தான் புது வண்டிக்கு அவர்மேல் ஏக்கம் வந்துவிட்டது.

மனைவி சமையலறைக்குப் போனதும் போனை எடுத்துத் துழாவினார். செய்தியை நிறுத்தும் இடம் எங்கே என்று தெரியவில்லை. 'உங்கள் வண்டிக்குப் பெயரிடுங்கள்' என்று ஓர் இடம் கண்ணில் பட்டது. மூளை பளிச்சென்றது. 'மேனேஜர்' என்று அடித்தார். மேனேஜரிடமிருந்து செய்தி வந்தால் எந்த மனைவி சந்தேகப்படுவாள்? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கிவிட்டார்.

மறுநாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் மினுக்கியது.

"என்னங்க, உங்க மேனேஜர்" என்றாள் மனைவி. குரலில் ஏதோ குறைந்திருந்தது. "'இன்று குளிர் அதிகம். உங்கள் சீட்டைச் சூடாக்கி வைக்கட்டுமா?'"

நுரையோடு ஓடி வந்தார்.

"அவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போற மனுஷன்தானே?"

"ஆ... ஆமா."

"அவர் எதுக்குங்க உங்க சீட்டைச் சூடாக்கணும்?"

"லேப்ல ஏசி ஜாஸ்தி. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா..."

போன் மறுபடி மினுக்கியது. அவளே படித்தாள், ஒவ்வொரு எழுத்தாக. "'மேனேஜர்: கடைசியாக நீங்கள் என் மேல் ஏறி உட்கார்ந்தது புதன்கிழமை.'"

கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தாள். 

"நான் இப்பவே லேபுக்கு வர்றேன். அந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கறேன்."

லேபா! நாலு பேர் முன்னாடியா! அங்கே போனால் குட்டு வெளிப்பட்டு, மெழுகுக்காரரே ரேசரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "நீ எதுக்கு அலையணும்? நானே போய்ப் பேசி முடிச்சுட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நொண்டியபடி வெளியே வந்தார். பழைய வண்டியை ஒரு உதை உதைத்தார். செத்துக் கிடந்தது. தள்ளிக்கொண்டே போனார். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. இருபது வருஷத்தில் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை, இப்போது ஒரு நாளைக்கு நாலு சொல்கிறோமே என்று தலையைக் குனிந்துகொண்டே தள்ளினார்.

கொட்டகைக்கு வந்ததும் சலவைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுக்கா சார் இவ்வளவு? போன்ல இருக்கற அந்த ஆப்பையே அழிச்சுடுங்க. சனியன் ஒழியட்டும்" என்றார் சலவைக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

அழித்தார். செய்தி ஒழிந்தது. வண்டியைத் துடைக்கலாம் என்று கை வைத்தார்.

"எச்சரிக்கை! அன்னிய நபர் வண்டியைத் தொடுகிறார்!" என்று வண்டி ஊருக்கே கேட்கும்படி அலறியது. அதோடு சைரன். ஆப்போடு சாவியும் போய்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழுக்குத் துணி மூட்டையோடு நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள்.

"சார், கடை மானம் போகுது, வெளியில தள்ளுங்க!"

"என் மானம் போகுதேய்யா, உள்ளே தள்ளு!"

ஆளுக்கொரு பக்கம் தள்ளியதில் ஒத்தை உதையாரின் முட்டி மடங்கியது. வண்டி சாய்ந்து படுக்கை விரிப்பு மூட்டைகள்மேல் தொப்பென்று விழுந்தது. சைரன் நின்றது.

"அப்பாடா" என்றார்கள் இரண்டு பேரும். சலவைக்காரர் யார் கண்ணிலும் படாமலிருக்க வெள்ளை விரிப்பு ஒன்றை உதறி, வண்டியைத் தலையிலிருந்து கால்வரை மூடினார். ஒத்தை உதையார் மூலையில் இருந்த குழாயில் தண்ணீர் குடிக்கப் போனார்.

விரிப்புக்கு அடியில் வண்டி சும்மா இருக்கவில்லை. அதற்குள்ளேயே ஒரு சிம் இருந்தது. விழுந்தால் யாருக்கு, எந்த இடம் என்று சொல்ல வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும்.

ஐந்தே நிமிஷம். மெக்கானிக்கின் மொபெட் கிறீச்சென்று நின்றது. பின்னாலிருந்து குதித்தாள் மனைவி. கழுத்தில் அளவு நாடா, ஒரு காலில்தான் செருப்பு. "போன் வந்துச்சு... கீழே விழுந்துட்டார், பதில் இல்லைன்னு... எங்கே அவர்?"

சலவைக்காரர் வாயைத் திறப்பதற்குள் தரையில் வெள்ளை விரிப்பு போர்த்திக் கிடந்த நீளமான உருவம் அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஐயோ! என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று அதன்மேல் விழுந்தாள். "சந்தேகப்பட்டேனே, பாவி நான்! யார் சீட்டைச் சூடாக்கினா எனக்கென்ன, நீங்க உசுரோட இருந்தாப் போதும்னு இருந்திருக்கக்கூடாதா..."

"எச்சரிக்கை! அன்னிய நபர் வண்டியைத் தொடுகிறார்!" என்றது பிணம்.

அவள் துள்ளி எழுந்தாள். மூலையில், மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் டம்ளரோடு கணவன் நின்றுகொண்டிருந்தார். அவள் ஓடிவந்து அவர் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

"அப்ப மேனேஜர்?"

"இதுதான் மேனேஜர்" என்று விரிப்பை விலக்கினார்.

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். திரை, சூடான சீட், கொட்டகை, தினப்படி நாடகம், எல்லாம். சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"எனக்கு எப்படிங்க போன் வந்துச்சு?"

"ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும்னு ஷோரூம்ல கேட்டாங்க. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் உன்னுதுதானே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "போதும், இனிமே உதைக்க வேண்டாம்ல? எனக்கு அதுவே போதும்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். அன்றைக்கே மீசையை எடுத்தார். மேலுதட்டில் காற்று படுவது என்னவோ போலிருந்தது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது. லேபில் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள். மறுநாள் சூடான சீட்டில் உட்கார்ந்து பார்க்க வரிசையில் நின்றார்கள். ஆப்பை மறுபடி ஏற்றிக் கொடுத்தவரே மெழுகுக்காரர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டியை மெக்கானிக்குக்கே கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அவர் தள்ளிக்கொண்டு வர, மனைவி உடன் வந்தாள். கடை வாசலில் நிறுத்திவிட்டு டேங்கை ஒருமுறை தடவிக் கொடுத்தார். கண் கலங்கியது.

"நல்லாப் பார்த்துக்கப்பா. நல்ல வண்டிதான். என்ன, பாழாப்போன பசி. பிளக்கைத் தின்னும், நீதான் போட்டுக்கிட்டே இருக்கணும்."

மெக்கானிக் குனிந்து ஒரு பிளக்கை மாட்டினான். ஒரே உதை. டப்டப்பென்று வண்டி எழுந்து நின்று பேசியது. ஒத்தை உதையாரின் கை தன்னால் இல்லாத மீசைக்குப் போனது.

மெக்கானிக் உள்ளே போய், பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வந்தான். எல்லாம்தான் வெளியே வந்துவிட்டதே என்ற நிம்மதியில் சிரித்தபடி அவர் மனைவியிடம் நீட்டினான்.

"அக்கா, நீங்க நெனச்ச மாதிரி சார் புது வண்டி வாங்கிட்டாரே, இனிமே என்கிட்டேர்ந்து செத்த பிளக் வேண்டாம்ல? அதை மாட்டிட்டு வாராவாரம் நீங்க கழட்டிக் குடுத்த நல்ல பிளக்கெல்லாம் இதுல பத்திரமா இருக்கு."