ஒரு கடதாசியும் மிஞ்சக்கூடாது

தபால் பெட்டிக்குள் கை போகவில்லை. ஆபீஸ் கிளார்க் இராஜரத்தினம் சாவியை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். வந்து விழுந்தவை நாற்பத்திரண்டு விளம்பரங்கள். நாற்பத்திரண்டிலும் ஒரே சோபா.

எண்பத்தைந்தில் அஜ்மானில் வீடு தேடித் தபால் வராது. கேம்ப் ஆட்கள் எல்லோருக்கும் தபாலகத்தில் கம்பெனியின் அந்த ஒரு பெட்டிதான். எட்டுப் பேர் படுக்கும் ரூமில் சோபா போட்டால் நாலு பேர் வாசலில் படுக்க வேண்டும். இதைக்கூட யோசிக்காமல் ஆளுக்கொன்று அனுப்புகிறான் கடைக்காரன்.

பெட்டி நிறைந்தால் மற்றக் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மனைவி சிவகொழுந்து, மகளின் முதல் படத்தை உறையிலிட்டு அனுப்பியிருந்தாள். பிள்ளைக்கு நாலு மாதம். அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. விளம்பரங்களை ஆபீசுக்கு அள்ளிவந்து மேசையில் போட்டார்.

"இவ்வளவு கடதாசிக்கும் எத்தனை மரத்தை வெட்டியிருப்பாங்கள்? அதுவும் மரமே இல்லாத ஊருக்கு அனுப்ப," என்றார்.

"பாவம்தான் சார்," என்றார் ஆபீசில் டீ போடும் நாகலிங்கம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, சொன்னதைச் சொன்னபடி செய்பவர்.

இராஜரத்தினம் கடைக்குக் காரசாரமாக எழுதினார். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. கூடவே கட்டில் விளம்பரமும் வந்ததால் கணக்கு எண்பத்து நாலானது.

அத்தனையையும் ஆபீசின் பின்பக்க மணலில் கொட்டச் சொன்னார். காற்று அள்ளிப்போய்ப் பக்கத்து அரபியின் ஆட்டுப்பட்டியில் போட்டது. ஆடுகள் சோபாவைத் தின்றன. அரபி வந்து, "ஹலீப் மாஃபி" என்று வாசலில் நின்று கத்தினார். ஆட்டுக்குப் பால் வற்றிவிட்டதாம்.

அடுத்து வந்த விளம்பரக் கட்டை இராஜரத்தினம் கொளுத்தினார். வழவழத் தாளின் கரும்புகையில் கட்டடமே இருமியது. "இனி இங்க ஒரு பேப்பர் எரிஞ்சா உனக்கு லீவு கிடையாது," என்றார் மேனேஜர் சேதுமாதவன்.

அந்த வாரம் பார்த்து ஜெபல் அலியில் மூன்று நாள் டியூட்டி. சாவியை நாகலிங்கத்திடம் கொடுத்தார்.

"படம் வந்தால் என்ரை மேசையிலை வையுங்கோ. மற்றக் கடதாசி முழுக்க முனிசிபாலிட்டி லொறியிலை எறியுங்கோ. ஒண்டும் மிஞ்சக்கூடாது."

நாகலிங்கம் தயங்கினார். "அத்தனையுமா சார்? ஆளுங்க மனசு கஷ்டப்படுமே."

"குப்பைக்கு என்ன கஷ்டம்? எறியுங்கோ எண்டால் எறியுங்கோ."

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் தபாலகத்தில் எட்டிப் பார்த்தார். பெட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அவருக்கு அப்படியொரு நிம்மதி. ஆபீஸ் வாசலிலேயே நாகலிங்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"படம் வந்ததோ?"

"வந்துச்சு சார்."

"எப்படி இருக்கு?"

"கலர்ல ஜம்முனு இருக்கு சார். மனசேயில்லாமதான் ஊர்க் கடுதாசி அத்தனையும் ஒண்ணு விடாம லாரியில போட்டேன். ஆனா சோபா, கட்டில்னு படம் போட்டதுல ஒண்ணைக்கூட விடல, எல்லாத்தையும் உங்க மேசையில அடுக்கிட்டேன்."