கூடைக் கணக்கில் ஒரு கிணறு

இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒரு மனுஷியை எவ்வளவு கெடுக்கும் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், மாதிரிக்கு என்னை எடுத்துக்கொள்ளலாம். திட்ட மேலாண்மை வகுப்பு அது. கிண்டியில் ஒரு ஓட்டல் அரங்கு, பல் கிட்டிக்கும் ஏசி, மதியம் பிரியாணி, கடைசியில் ஒரு சான்றிதழ். வெள்ளிக்கிழமை காலை ஒன்றும் தெரியாதவளாகப் போனேன், சனிக்கிழமை மாலை எல்லாம் தெரிந்தவளாக மெட்ரோ ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் வியாபாரத்தை எப்படித் திட்டமிடலாம் என்று திருவொற்றியூர் வரும்வரை மனசுக்குள் படம் போட்டுக்கொண்டே வந்தேன். (வாயைத் திறக்கவில்லை. அந்தம்மா பிழைத்தார்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளர். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் குப்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் நான். நைனா காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர், அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் உருப்படியாக ஒரு வேலை செய்து காட்ட வேண்டும் என்று என் மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்த வேலை, கிணறு. எங்கள் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் குளிர வைப்பது கடல் தண்ணீர். அது குழாய் வழியாக ஒரு பெரிய கிணற்றுக்கு வந்து, ஒரு இரும்புச் சல்லடையைத் தாண்டி, பம்புக்குப் போகும். கடல் தண்ணீர் தனியாக வருமா? சிப்பியையும் கூட்டிக்கொண்டு வரும். சுவர், குழாய், சல்லடை என்று ஒட்ட இடம் கிடைத்த எல்லாவற்றிலும் சிப்பி குடும்பம் நடத்தும். ஆண்டுப் பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த நாட்களில் ஆள் வைத்து அதைச் சுத்தம் செய்ய வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்து இயக்குநர் வந்து பொத்தானை அமுக்குவார். அமுக்கினால் தண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான்.

மூழ்கி வேலை செய்கிற ஆட்களுக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. நைனாவின் தோஸ்து தேசிங்கு மாமா அந்தத் தொழில்தான். அவரிடமும் அவருடைய ஆட்களிடமும் காற்றுக் குழாய், உளி, சுத்தி எல்லாம் உண்டு. எல்லாரையும்விடக் குறைந்த விலைக்கு வேலை செய்பவரும் அவர்தான். வந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மொத்தமா ஒரு ரேட்டு பேசிக்கலாம் பாப்பா. உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் பேஜாரு இல்ல."

வகுப்பில் மூன்று வகை ஒப்பந்தம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேலை என்னவென்று தெளிவாகத் தெரிந்தால் மொத்தத் தொகை. ஒன்றுமே தெரியாவிட்டால் நாள் கூலி. வேலை தெரியும், ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது என்றால் அளவுக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். கிணற்றுக்குள் எவ்வளவு சிப்பி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேள்வித்தாளில் வந்திருந்தால் எனக்கு முழு மதிப்பெண்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் நண்பருக்கு மொத்தமாக ஒரு தொகையைத் தூக்கிக் கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்தேன். என் நேர்மையை எண்ணிக்கையில் காட்ட ஆசைப்பட்டேன்.

"அளவுக் கணக்குதான் மாமா. எவ்ளோ எடுக்கறீங்களோ அவ்ளோ காசு."

"எத்த வச்சு அளப்ப?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கூடை" என்றேன். வேறு யாராவது பொறியாளராக இருந்திருந்தால் கிலோ என்று சொல்லியிருப்பார், கன மீட்டர் என்று சொல்லியிருப்பார். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது கூடையை. நைனா கூடையைக் கண்ணால் பார்த்தே ஏலம் விடுவார், அம்மா கூடையைப் பார்த்தே விலை கேட்பாள். கடலிலிருந்து வருகிற எதையும் எங்கள் வீட்டில் கூடையில்தான் அளப்பார்கள். தேசிங்கு மாமாவும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வேலை ஜோராக நடந்தது. கூடை கூடையாகச் சிப்பி மேலே வந்தது. தினமும் மாலையில் எத்தனை கூடை என்று வெள்ளைப் பலகையில் பச்சை மையால் கோடு போட்டேன். கோடு மேலே மேலே போனது. மேலாளர் அந்தப் பலகையின் முன்னால் நின்று காப்பி குடிக்க ஆரம்பித்தார். கிணற்றடியில் சிப்பி ஒரு குன்றாகவே எழும்பிவிட்டது.

மூன்றாம் நாள் பெருமை தாங்காமல் போனில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? கூடைக்குள்ள பாதி காத்த ரொப்பி வச்சிக்கினு கீறானுங்க."

"ஒப்பந்தம் பத்தியெல்லாம் உனக்குத் தெரியாதும்மா."

"அத்த வுடு. கூடையப் பத்தி எனக்குத் தெரியும்."

அம்மா சொன்னது சரி. சிப்பியைச் செங்குத்தாக அடுக்கி, நடுவில் பொந்து விட்டு, மேலே மட்டும் குவித்திருந்தார்கள். விடுவேனா? மறுநாளே ஒப்பந்தத்துக்குத் திருத்தம் எண் ஒன்று வெளியிட்டேன். ஒரே அளவு பிளாஸ்டிக் கூடை, குலுக்கி நிரப்ப வேண்டும், மேலே பலகை வைத்து வழிக்க வேண்டும். வழிக்கிற பலகையோடு நானே வெயிலில் நின்றேன். மாமாவின் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே குலுக்கினார்கள். உலகத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நிம்மதியோடு அன்று தூங்கினேன்.

திங்கட்கிழமை வந்தது. பம்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். இயக்குநர் வெள்ளை ஷூவில் வந்தார். வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். சிப்பிக்குன்று நாலைந்து நாள் வெயிலில் வெந்து, காக்கை பருந்து எல்லாவற்றுக்கும் பந்தி வைத்துக்கொண்டிருந்தது. (எடுத்த சிப்பியை யார் அப்புறப்படுத்துவது என்று என் ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. பலகை வைத்து வழிக்க மட்டும் அரைப் பக்கம் இருந்தது.)

"இது என்ன?" என்றார் இயக்குநர்.

"நம்ம வேலையோட முன்னேற்றம் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கினார். பம்பு ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். நான்காவது நிமிடம் பம்பு வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகியது. ஐந்தாவது நிமிடம் தானாக நின்றது. ஒரு காக்கை மட்டும் எனக்காகப் பேசியது.

சல்லடை அடைத்துக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் பளிச்சென்று இருக்க, பம்புக்குத் தண்ணீர் போகிற ஒரே வழியில் உளிகூடப் படவில்லை. இயக்குநர் கார் ஏறினார். புதன்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். "அன்னிக்கும் ஓடலேன்னா உன் விஷயத்துல நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று மேலாளர் மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

பம்பு அறைக்குப் பின்னால் தேசிங்கு மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாமா சல்லடை பக்கமே யாரும் போகல?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அது கலீஜான சந்து பாப்பா. ஒர்த்தன்தான் நுழைய முடியும். கம்பிக்கு நடுவுல பொடிச்சிப்பி, ஒண்ணொண்ணா நோண்டணும். நாள் பூரா நோண்டினாலும் அரைக் கூடை தேறாது. பசங்க வயித்துக்கு இன்னா பண்ணுவானுங்க? சொவத்துல வழிச்சா ஒரு மணி நேரத்துல கூடை ரொம்புது."

"அங்க சுத்தம் பண்ணாதானே மாமா தண்ணி வரும்?"

"நீ கூடை கேட்ட, கூடை குடுத்தோம். தண்ணியா கேட்ட?"

அழுதுவிட்டேன். கோபத்தில் இல்லை, அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாததால் அழுதேன். எழுதிக் கொடுத்ததை அவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள். சல்லடையை விட்டுவிட்டு எங்கே போனாலும் காசு என்று நானே வழி சொல்லி, நானே பலகையோடு காவலும் நின்றிருக்கிறேன். மாமாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "அழுவாத பாப்பா, உங்க நைனா என்னத்தான் கேப்பாரு" என்றார்.

தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு தாளை வைத்தேன். பழைய ஒப்பந்தம் ஒன்பது பக்கம், திருத்தம் தனி. புதியது இரண்டு வரி. பம்பு ஒரு முழு நாள் நிற்காமல் ஓடினால் மொத்தத் தொகை. எத்தனை கூடை என்று யாரும் கேட்கக் கூடாது. மாமா படித்துப் பார்த்துவிட்டு, "இத்ததான நான் மொதல்ல சொன்னேன்" என்று சொல்லாமல் இருந்தார். அதற்காக அவருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

அந்தச் சந்துக்குள் அவரே இறங்கினார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அன்றும் மறுநாளும் ஆட்களோடு முறை வைத்துக் குடைந்தார். செவ்வாய் மதியம் பம்பு ஓடியது. புதன்கிழமை இயக்குநர் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சல்லடையிலிருந்து நோண்டி எடுத்து ஓரமாகப் போட்டிருந்த சிப்பியைப் பார்த்தேன். ஒரு ஆலையையே நிறுத்தி, என் வேலைக்கும் உலை வைக்க இருந்தது, வழித்துப் பார்த்தால் ஒரு கூடைகூட இல்லை. பழக்கதோஷம், வழித்துத்தான் பார்த்தேன்.

வேலை போகவில்லை. நிரந்தரமாவது மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. சிப்பிக்குன்றை லாரி வைத்து நானே ஏற்றி அனுப்பினேன். அந்த வாடை ஒரு வாரம் என்னோடு பஸ்ஸில் வந்தது. மீன்காரி மகள் மேல் கடல் வாடை அடிப்பதில் அதிசயமில்லை. மீன்காரியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "வூட்டுக்குள்ள வராதடி, தண்ணி ஊத்திக்கினு வா" என்றதுதான் அவமானம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் "கூடை வேலை" என்றால் எல்லாருக்கும் புரியும். என் கணவர் பாத்திரம் துலக்குகிறேன் பேர்வழி என்று டம்ளர்களையெல்லாம் வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, அடிப்பிடித்த குழம்புச் சட்டியைத் தண்ணீர் ஊற்றி மூலையில் வைத்தால் அம்மா சொல்வாள், "மாப்ள கூடை வேலை செஞ்சிக்கினு கீறாரு."

இப்போது எங்கள் ஆலையில் ஒப்பந்தங்களைப் பார்ப்பவளே நான்தான். போன மாதம் ஆண்டு மதிப்பீட்டுக்காக என்னைப் பற்றி நானே எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை கூட்டம் நடத்தினேன், எத்தனை அறிக்கை அனுப்பினேன், எத்தனை ஒப்பந்ததாரரைச் சந்தித்தேன் என்று நான்கு பக்கம். நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் நின்று, ஏலக் கூடையைப் பார்க்கிற அதே பார்வையோடு கடைசி வரி வரை படித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. தண்ணி வந்துச்சா?"

அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அரைப் பக்கம்தான் தேறியது.