வெளியேறுவதற்கு வாருங்கள்

"யூனியன்காரனா?" என்றார் நெவில் அக்ராய்ட்.

கிளப்பின் மதுக்கூடத்தில் எல்லோரும் குனிந்து திரையைப் பார்த்தார்கள். செய்தி எல்லோர் கைபேசியிலும் இருந்தது. வட இங்கிலாந்தின் ஹார்த்வெயிட் ரக்பி லீக் அணிக்குப் புதிய கோச், ஜூலியன் பெம்பர்ட்டன். தெற்கத்திக்காரர். அதுகூடப் பரவாயில்லை. வாழ்நாள் முழுக்க, லீக்குக்கு ஜென்ம எதிரியான ரக்பி யூனியன் ஆடி, ரக்பி யூனியன் சொல்லிக்கொடுத்தவர்.

"வேற பெம்பர்ட்டனா இருக்கப்போகுது," என்றார் க்ளைவ் சக்டன். நம்பிக்கையில்லாத குரல்.

"படத்தைப் பாருய்யா. வீட்டுக்குள்ள கழுத்துல துணி சுத்திக்கிட்டு நிக்கிறான். இவன் நம்ம ஆளா?" என்றார் நெவில்.

"பதினஞ்சு பேரை வெச்சு ஆடறவன்," என்றார் டாக்சி ஓட்டும் இம்தியாஸ். "இங்க பதிமூணுதான். மிச்சம் ரெண்டு பேரை என்ன பண்றதுன்னே அவனுக்குத் தெரியாது."

"அவங்க ஆட்டத்தை ஒரு தடவை டிவில பார்த்தேன். எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் குவிஞ்சு கெடந்தாங்க. நான் போய்ப் பல்லு விளக்கிட்டு வந்தேன். அப்பவும் அப்படியே கெடந்தாங்க," என்றார் மூலையிலிருந்து ஒருவர்.

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. சிரிக்கும் நிலையில் யாரும் இல்லை. குளிர்கால ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றியதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்றார் ஒருவர். கெடுத்தது டிவி என்றார் இன்னொருவர். க்ளைவின் பேரனுக்கு மான்செஸ்டர் கால்பந்துக்காரர்கள் எல்லோர் பெயரும் மனப்பாடம். சொந்த ஊர் அணியில் ஒரு பெயர் தெரியாது.

"எங்க தெருப் பசங்ககிட்ட நம்ம முட்டைப் பந்தைக் குடுத்தேன்," என்றார் இம்தியாஸ். "திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இதை யாரு மிதிச்சதுன்னு கேக்கறானுங்க."

"இப்படியே போனா ரெண்டே வருஷம். நம்மளைக் கொண்டுபோய் ஸ்கெல்புரூக்கோட சேத்துடுவாங்க," என்றார் க்ளைவ்.

ஸ்கெல்புரூக் பக்கத்து ஊர். அந்தப் பெயரைச் சொன்னதற்காகவே க்ளைவைச் சிலர் முறைத்தார்கள்.

நெவில் நாற்காலிமேல் ஏறி நின்றார். ஊர் பஸ்ஸில் ஓட்டுநர். குரலுக்குப் பஞ்சமில்லை.

"இந்த ஆள் போகணும். இல்லேன்னா நான் போறேன். ஒருக்கா வெளிய போனேன்னா, இவன் இங்க இருக்கறவரைக்கும் என் கால் இந்த மைதானத்துல படாது."

க்ளைவ் கோப்பையைக் கீழே வைத்தார். நெவில் உள்ளூர் ஆட்டம் ஒன்றைத் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் கல்யாணம் ஆட்டம் இல்லாத மாதத்தில் நடந்தது. மகள் பிறந்தது அணி வெளியூர் போயிருந்த வாரத்தில். அது மனைவி டோரீனின் நல்ல மனசு.

"யோசிச்சுச் சொல்லு," என்றார் க்ளைவ் மெதுவாக.

"சொல்லியாச்சு."

முதலில் புறக்கணிப்பு. அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு ரசிகர் மன்றத்தில் ஒருவரும் போகவில்லை. நெவிலுக்கு அன்று வண்டி ஓட்டும் முறை. மேட்டுச் சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கிருந்து பாதி மைதானம் தெரியும். மறுபாதியில் நடப்பதைக் கூச்சலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தார். கூச்சலே வரவில்லை.

"டிரைவர், டயருக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பயணி எட்டிப் பார்த்தார்.

"அதான் தெரியல."

"ஸ்கோர் என்ன?"

"அதுவும் தெரியல."

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை, மழையையும் பொருட்படுத்தாமல் வழக்கமான ரசிகர்கள் திரண்டதாக எழுதியது. நெவில் இரண்டு முறை படித்தார். ரசிகர் மன்றம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மைதானத்தில் டீயும் சிப்ஸும் வேகவைத்த பட்டாணியும் விற்கும் மார்ஜரிக்கு. வேறு யாரும் முன்வராததால் கிளப் நிர்வாகக் குழுவிலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வரலைன்னு தெரிஞ்சுது கண்ணு," என்றார் நெவிலிடம். "பட்டாணி மீந்துபோச்சு."

நெவில் அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"காலியா இருக்கற எடத்துல நாம இல்லேன்னா எவனுக்குத் தெரியும்? கூட்டம் இருந்தாத்தானே எழுந்து போறது தெரியும்? மொதல்ல மைதானத்தை நெரப்பணும். நெரப்பிட்டு, முப்பதாவது நிமிஷம், மொத்தப் பேரும் எழுந்து வெளிய போகணும்."

டோரீன் உருளைக்கிழங்கை மசிப்பதை நிறுத்தினார். "கிளப்பைப் பழிவாங்க, எல்லாரும் கிளப்புக்கு டிக்கெட் காசு கட்டணும்ங்கிற?"

"இது உத்தி டோரீன். உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியுது. அதான் கவலையா இருக்கு."

அடுத்த உள்ளூர் ஆட்டம் ஸ்கெல்புரூக்கோடு. நெவில் துண்டுப் பிரசுரம் அடித்து பஸ் இருக்கைகளில் வைத்தார். 'வெளியேறுவதற்கு வாருங்கள்!' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ரக்பியே பிடிக்காதவர்களுக்கு அது பிடித்துப்போனது.

"முப்பது நிமிஷத்துல போயிடலாமா? நிச்சயமா?" என்று கேட்டாள் ஒரு பெண். "என் வீட்டுக்காரர் கூப்பிடறப்பல்லாம் முழுசா உக்காரணுமேன்னுதான் வரமாட்டேன். இதுக்கு வரேன்."

இம்தியாஸ் டாக்சி நிலையத்தில் பேசி எல்லா ஓட்டுநர்களையும் சம்மதிக்கவைத்தார். அதில் ஒரு சிக்கல்.

"பசங்க வரானுங்க. ஆனா எதுக்குக் கோவப்படணும்னு கேக்கறானுங்க."

"கோச் யூனியன்காரன்னு சொல்லு."

"சொன்னேன். சரி, யூனியனுக்கும் லீக்குக்கும் என்ன வித்தியாசம்னு கேக்கறானுங்க. நீயே வந்து சொல்லு."

வித்தியாசம் தெரியாதவன் கோபப்பட்டால் அது போலிக் கோபம். நெவிலுக்குப் போலி பிடிக்காது. டாக்சி நிலையத்துக்கே போனார். பலகையில் கோடு போட்டார். ஆறு முறை பிடிபடலாம், ஆறாவதில் பந்து எதிரிக்குப் போய்விடும், அதனால் ஐந்தாவதிலேயே உதைத்துவிட வேண்டும் என்றார். நூறு வருஷத்துக்கும் முன்னால், சுரங்க வேலையையும் ஆலை வேலையையும் விட்டுவிட்டு ஆட வந்தவனுக்கு அன்றைய கூலியைக் கொடுக்க மாட்டோம் என்று யூனியன் கனவான்கள் சொன்ன கதையைச் சொன்னார். அதனால்தான் லீக் தனியாகப் பிரிந்து வந்தது என்றார்.

"இதை மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றான் ஒரு ஓட்டுநர். "இது எங்க கம்பெனி கதைதானே!"

அடுத்த வாரம் அவர்கள் நிலையத்தின் பின்புறம் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்திருந்தது. சந்தோஷமாக இருந்தான். பயணிகள் காத்திருந்தார்கள்.

பிறகு உடை. வெறும் ஆட்கள் எழுந்துபோனால் ஊர்ச் சனம் என்பார்கள். அணியின் நிறத்தில் எழுந்துபோனால்தான் ரசிகர்கள் என்பார்கள். எல்லோரும் அம்பர்-கருப்புச் சட்டை வாங்க வேண்டும் என்று நெவில் அறிவித்தார். கிளப் கடையில் தூசி படிந்து கிடந்தது அத்தனையும் மூன்றே நாளில் காலி. புதிதாக வரவழைத்தார்கள்.

பிறகு பாண்டு வாத்தியம். வெளியேறும்போது சோக கீதம் வேண்டும். வாத்தியக் குழுத் தலைவர் கறாராகப் பேசினார்: "ஒரே ஒரு பாட்டுக்காக அந்தப் பெரிய குழலைத் தூக்கிட்டு வர முடியாது. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் அரை மணி நேரம் வாசிப்போம்." நெவில் ஒத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு தோணுது," என்றார் டோரீன்.

"சொல்லாதே," என்றார் நெவில்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு நெவிலின் பஸ்ஸில் ஜூலியன் பெம்பர்ட்டனே ஏறினார். கழுத்தில் துணி இருந்தது.

"மிஸ்டர் அக்ராய்ட்தானே? தப்பா நெனைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா?"

"உக்காருங்க. வண்டி ஓடறப்போ டிரைவரோட பேசக்கூடாது."

"வண்டி நிக்குதே."

நெவில் வண்டியை எடுத்தார்.

"எந்த வாசல் வழியா வெளியேறப் போறீங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்றார் பெம்பர்ட்டன் பின்னாலிருந்து. "நம்ம பசங்க அந்தப் பக்கம் குறுக்க நிக்காம பாத்துக்கறேன். வயசானவங்க இருப்பாங்க. நெரிசல் ஆயிடக் கூடாது."

 எதிரி மரியாதையாக இருப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை. பெம்பர்ட்டன் போயே ஆக வேண்டும் என்பதில் அவருக்கு முன்னைவிட உறுதி கூடியது.

ஞாயிற்றுக்கிழமை. வாசலில் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. எல்லோரும் உள்ளே வந்து சேரும்வரை ஆட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினார் நடுவர். கடைசியாக அப்படி நடந்தது எப்போது என்று க்ளைவால் சொல்ல முடியவில்லை. பாண்டு முழங்கியது. இம்தியாஸின் ஓட்டுநர்கள் ஒரு முழு வரிசையை அடைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல்முறையாக டோரீனும் வந்திருந்தார், அம்பர்-கருப்புச் சட்டையில். மரப் பெஞ்சுகளில் ஓர் இடம் காலியில்லை.

நெவிலுக்கு நெஞ்சு விம்மியது. கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிஷம் வந்ததும் துள்ளி எழுந்து, பஸ் நிலையத்தில் கத்துகிற குரலில் கத்தினார்.

"எல்லாரும் எழுந்திருங்க!"

எல்லோரும் ஏற்கெனவே எழுந்துதான் நின்றார்கள். ஹார்த்வெயிட் அணி ஸ்கெல்புரூக்கின் எல்லைக்கோட்டுக்கு மூன்று அடி முன்னால் இருந்தது.

"அண்ணே, மறைக்குது!" என்றான் உதடு கிழிந்த ஓட்டுநர். "நாலு ஆயிடுச்சு! அஞ்சாவது! உதைடா, உதை!"

"க்ளைவ்! நேரம் ஆச்சு!"

"இந்த ஒண்ணு முடியட்டும்."

"முப்பதாவது நிமிஷம்னுதானே பேசினோம்!"

"இடைவேளைல போகலாம்யா. மழை வேற வரும்போல இருக்கு."

"இம்தியாஸ்!"

இம்தியாஸ் காதில் விழவில்லை. அவர் தன் தொப்பியைக் கழற்றி முன்னால் நின்றவரை அடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கும் அது தெரியவில்லை.

"டோரீன், நீயாவது வா."

"சும்மா இரு நெவில்! அந்த ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? யோவ்! ஸ்கெல்புரூக்காரன் ஆஃப்சைட்ல நிக்கிறான்யா! வூட்டுக்குப் போய் யூனியன் ஊதுய்யா!"

நெவில் சுற்றிலும் பார்த்தார். பாண்டுக்காரர்களைப் பார்த்தார். சோக கீதத்துக்குக் குறித்திருந்த தாள் காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. பெரிய குழல்காரர் குழலுக்குள் முகத்தைவிட்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் சொன்ன சொல் மற்றவர்களோடு. தான் சொன்னது தன்னோடு. நெவில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வரிசையைப் பிளந்து நடந்தார்.

"நெவில், டீக்கா போற? எனக்கு ஒண்ணு!" என்றார் ஒருவர்.

"எனக்கு ரெண்டு! சக்கரை தூக்கலா!"

"சிப்ஸுக்கு வினிகர் மறந்துடாதே!"

போராட்டம் என்று யாரும் நினைக்கவில்லை. வாசல் காவலர்கூட, "சீக்கிரம் வாங்க, இடம் போயிடும்," என்றார்.

அவர் தனியாக வெளியே வந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார். சட்டென்று தரை அதிர்ந்தது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாகத் திறந்த சத்தம். ட்ரை. பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துவிட்டார்கள். ஹார்த்வெயிட்டுக்குத்தான், ஸ்கெல்புரூக்காரர்களுக்கு இந்தச் சத்தம் வராது. யார் வைத்தது? எந்த மூலையில்? யார் பாஸ் கொடுத்தது? அவருக்குத் தெரியாது. இந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷம் வெறும் பெஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வந்தபோது அவர் குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். திரும்பிப் போக நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

சமையல் கூடாரத்தின் பின்கதவு திறந்தது. மார்ஜரி குப்பைப் பையோடு வெளியே வந்தார். வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஐயோ கண்ணு, இங்க என்ன பண்ற?"

"வெளியேறிட்டேன்."

"நீ மட்டுமா?"

"ஆமா. ட்ரை யாரு வெச்சது?"

"எனக்கெங்க பாக்க நேரம்? பட்டாணி முழுக்கத் தீந்துபோச்சு. சிப்ஸுக்கு ஆள் அனுப்பியிருக்கேன்." குப்பைப் பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு மார்ஜரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நனையாத. என் அடுப்படி வழியா உள்ள வா."

"வரமாட்டேன். அந்த ஆள் இருக்கறவரைக்கும் வரமாட்டேன்."

"அந்த ஆள் இருப்பார் கண்ணு. நேத்துதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீட்டிச்சோம்."

"ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலையே! எதுக்கு?"

மார்ஜரி, சுவருக்கு அந்தப் பக்கம் நிரம்பி வழிந்த கூட்டத்தின் பக்கம் தலையை ஆட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

நெவிலின் குரல் உடைந்தது. "நீங்களும்தானே குழுவுல இருக்கீங்க மார்ஜரி. உண்மையைச் சொல்லுங்க. லீக்லயே பொறந்து வளர்ந்தவங்க எத்தனை பேர் அந்த வேலைக்குக் கேட்டிருப்பாங்க. அவங்களையெல்லாம் விட்டுட்டு, ஏன் இந்த ஆளைப் போய் எடுத்தீங்க?"

உள்ளே மறுபடியும் தரை அதிர்ந்தது. அது அடங்கும்வரை மார்ஜரி கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசினோம் கண்ணு. மத்த மூணு பேரையும் உனக்குப் பிடிச்சுப்போயிடும்னு பயந்துட்டோம்."